வரிசைக்கு மிட்டாய்

தும்மிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும்? அந்த மனுவுக்கு அதுகூட ஆகவில்லை. மேலே உட்கார்ந்திருந்த இரண்டு நீதிபதிகளில் ஒருவர் காகிதக் கட்டைப் புரட்டினார். இன்னொருவர் புரட்டவும் இல்லை. "மறுபரிசீலனைக்கு முகாந்திரம் இல்லை. தள்ளுபடி" என்றார். உடனே அடுத்த வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அக்காவோ, தம்பியின் வழக்கு இனிமேல்தான் வரப்போகிறது என்று கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

வக்கீலம்மா வந்து தோளைத் தொட்டு வராந்தாவுக்குக் கூட்டிப் போனபோதுதான் விஷயம் உறைத்தது.

"அவ்வளவுதானா? ஒண்ணுமே கேக்கலையே?"

"கேக்க மாட்டோம்னு சொல்றதுதான்கா உத்தரவே" என்றாள் வக்கீலம்மா. வயதில் சின்னவள். அவளும் அக்கா என்றுதான் கூப்பிடுவாள். தையல்கடையில் சட்டைகளுக்குக் காஜா எடுத்து பட்டன் தைக்கிற அந்தப் பெண்மணி ஊருக்கே அக்காதான். ஆனால் உடன்பிறந்தவன் ஒரே ஒருவன். அவன்தான் உள்ளே இருந்தான்.

ஆட்கொணர்வு மனு என்பது பேருக்குத்தான் பெரிசு. பச்சைப்பிள்ளைக்கும் புரிகிற விஷயம் அது. நீ அடைத்து வைத்திருக்கிற ஆளைக் கொண்டுவந்து எங்கள் கண்முன்னே நிறுத்து. ஏன் அடைத்தாய் என்று காரணம் சொல். அவ்வளவே. தம்பி குழாய் ரிப்பேர் செய்கிறவன். வேலைக்குப் போன வீட்டில் நகை காணாமல் போனது, பிடித்துப் போட்டார்கள். நகையும் கிடைக்கவில்லை, வழக்கும் தொடங்கவில்லை, அவனையும் விடவில்லை. உயர்நீதிமன்றம் மனுவைத் தள்ளியது. தள்ளியது சரிதானா என்று கொஞ்சம் திரும்பிப் பாருங்கள் என்று மறுபடி அதனிடமே கேட்டார்கள். திரும்பிப் பார்க்கவே மாட்டேன் என்றுவிட்டது. கழுத்து வலியோ என்னவோ.

"இதுக்கும் மேல ஒரு கோர்ட்டு இருக்குக்கா. போகலாம். பேப்பர் தயார் பண்ண அடுத்த வாரக் கடைசி ஆயிடும்."

"அதுவரைக்கும் அவன் உயிரோட இருக்கணுமே" என்றாள் அக்கா.

வக்கீலம்மா காகிதக் கட்டைப் பைக்குள் திணித்தாள்.

அவள் பயந்தது சிறைக்கு அல்ல, பூனைக்கு. பூனை என்பது அங்கே தலைமை வார்டருக்குக் கைதிகள் வைத்த பெயர். மற்ற வார்டர்கள் பூட்ஸ் போட்டுக்கொண்டு தடதடவென்று வருவார்கள். வருவது தெரியும், எழுந்து நின்றுகொள்ளலாம். இவன் மட்டும் ரப்பர் அடி வைத்த கான்வாஸ் ஷூ போட்டிருப்பான். பின்னால் வந்து நின்றால்கூடத் தெரியாது. மணி கட்டத்தான் ஆளில்லை என்று சிறைக்குள் ஒரு பேச்சு.

தம்பியின் பக்கத்து அறையில் ஒரு பையன் இருந்தான். எந்நேரமும் பாடிக்கொண்டே இருப்பான் என்று அவனுக்கு ரேடியோ என்று பெயர். ஒருநாள் மத்தியானம் பாட்டு பாதியில் நின்றது. அதன்பிறகு வந்த சத்தங்களைத் தம்பி கேட்டான். கதவுக்குக் கீழே இருந்த இடுக்கு வழியாக அந்த கான்வாஸ் ஷூவையும், தரையில் இழுபட்டுப் போன கால்களையும் பார்த்தான். மறுநாள் அறை கழுவி விடப்பட்டிருந்தது. ரேடியோவை வேறு சிறைக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களுக்கு ஒரு பையனை மறைப்பதா கஷ்டம்?

கையெழுத்து வாங்க உள்ளே போன வக்கீலம்மாவின் காதில் தம்பி இதைச் சொன்னான். அவள் அக்காவிடம் சொல்லி, "யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க" என்றாள். தம்பி பார்த்திருப்பானோ என்று பூனைக்குச் சந்தேகம் இருந்தது. ஆனால் மனு நிலுவையில் இருக்கிறது. கோர்ட்டு எந்த நேரமும் ஆளைக் கொண்டு வா என்று சொல்லலாம். உடம்பில் காயம் இருந்தால் கேள்வி வரும். அதனால்தான் கை வைக்காமல் இருந்தான். அந்த மனுதான் இப்போது செத்தது.

அக்கா கடைக்குத் திரும்பிப் போய் ஒரு சட்டைக்குக் காஜா எடுத்தாள். ஊசி மூன்று தடவை விரலில் ஏறியது. உத்தரவு நகல் தபாலில் சிறைக்குப் போய், ஆபீஸ் மேஜையில் சில நாள் தூங்கி, அதன்பிறகுதான் யாராவது பிரித்துப் பார்ப்பார்கள். அதுவரை பூனையின் காதில் உண்மை விழாமல் இருந்தால்? உண்மை விழுவதற்கு முன்னால் ஒரு பொய் விழுந்துவிட்டால்? பயம் ஒரு மனுஷியை மூலையில் உட்கார வைக்கும், இல்லாவிட்டால் இப்படி மூளையைக் கிளறிவிடும். கடையைச் சாத்தும் முன் எதிர்க்கடைக்குப் போய், கண்ணாடித்தாள் சுற்றிய ஆரஞ்சு மிட்டாய் பெரிய பையாக ஒன்று வாங்கினாள்.

ஏன் மிட்டாய் என்றால், சிறை வாசலில் சனிக்கிழமை தோறும் நிற்கிற குடும்பங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. யாருடைய மனுவையாவது கோர்ட்டு எடுத்துக்கொண்டால், அந்த வீட்டுக்காரர்கள் வரிசை முழுக்க மிட்டாய் கொடுப்பார்கள். வாசலில் நிற்கும் வார்டருக்கும் ஒன்று உண்டு. யார் ஆரம்பித்ததோ தெரியாது. ஆனால் பொய்யாக யாரும் கொடுத்தது கிடையாது. அப்படி ஒரு நினைப்பே யாருக்கும் வந்திருக்காது.

சனிக்கிழமை காலையில் வரிசை வழக்கம்போல மதில் ஓரமாக நீண்டிருந்தது. பாதி ஆள், பாதி பை. இடம் போடப் பையையோ செருப்பையோ வைத்துவிட்டு நிழலுக்குப் போய்விடலாம். அதை யாரும் தாண்ட மாட்டார்கள். இந்தச் சட்டத்தைக் கட்டிக் காப்பவர் கண்டக்டர். பஸ்ஸில் காலமெல்லாம் விசில் ஊதி ஓய்வு பெற்றவர். "முன்னாடி நகருங்க, நடுவுல காலியாத்தானே இருக்கு" என்று இங்கேயும் விரட்டிக்கொண்டே இருப்பார். யாராவது முறைத்தால், "இறங்கி நடந்து வாங்களேன்" என்பார். வரிசையே சிரிக்கும்.

அவருடைய மகன்தான் ரேடியோ.

வாரா வாரம் சிறை ஆபீஸ் ஜன்னலில் போய் நிற்பார். "மாத்தியாச்சு, பேப்பர் வரும்" என்பார்கள். "எந்த ஊருக்கு சார்?" என்பார். "பேப்பர் வரும்" என்பார்கள். துவைத்து மடித்த சட்டை ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு திரும்பி வருவார். அக்கா அந்தப் பையைப் பார்க்காமல் இருக்கக் கற்றுக்கொண்டிருந்தாள். கண்ணால் பார்த்தால் வாய் சொல்லிவிடும் என்று பயம்.

அவள் மிட்டாய்ப் பையைப் பிரித்ததும் வரிசையில் ஒரு அலை ஓடியது. முதலில் கட்டிக்கொண்டது பால்காரி. கணவனுக்காக வருகிறவள், ஊருக்கே கேட்கிற குரல் அவளுக்கு. "எடுத்துக்கிட்டாங்களா அக்கா! எனக்குத் தெரியும், உங்க மனசுக்கு நடக்கும்னு தெரியும்!" என்று கத்தினாள். குழந்தைகள் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு தாளைக் காற்றில் விட்டன. "குப்பையைக் கீழ போடாதீங்கடா" என்று கண்டக்டர் அதட்டினார். அவர் பேச்சை யார் கேட்டார்கள்? மதில் ஓரம் முழுக்கத் தாள் பளபளத்தது.

அக்கா சிரித்தாள். கன்னம் வலிக்கிற அளவுக்குச் சிரித்தாள். கண்டக்டரின் கையில் மிட்டாயை வைக்கும்போது மட்டும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் அதைக் கூச்சம் என்று எடுத்துக்கொண்டார்.

"நல்ல சேதிம்மா. ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டியே? ஒரு கைதிக்கு ரெண்டு பேரை விடறாங்கல்ல. இன்னைக்கு என்னையும் பெரியப்பான்னு எழுதிக்கோயேன். உன் தம்பி பக்கத்து அறைதானாமே. என் பையன் எங்க போனான்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கும். ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்."

வேண்டாம் என்று எந்த முகத்தோடு சொல்வது? இவ்வளவு பெரிய சந்தோஷத்தை வரிசை முழுக்க வாரி இறைத்தவள், ஒரு பெரியவரை உள்ளே கூட்டிப்போக மாட்டேன் என்றால் யார் நம்புவார்கள்? "வாங்க ஐயா" என்றது அவள் வாய். ஆழம் தெரிந்தே காலை விட்டாள்.

வாசலில் பூனை நின்றிருந்தான். எப்போது வந்தானோ.

"என்ன விசேஷம்?"

"மனுவை எடுத்துக்கிட்டாங்க சார். ஆளைக் கூட்டிட்டு வரச் சொல்வாங்களாம்." குரல் உடையாமல் வந்தது அவளுக்கே ஆச்சரியம். மிட்டாயை நீட்டினாள்.

பூனை அவள் முகத்தையே பார்த்தபடி தாளை நிதானமாகப் பிரித்தான். மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டான். "நல்லது. நல்லா கூட்டிட்டுப் போகட்டும்" என்றான். அந்த "நல்லா"வில் என்ன இருந்தது என்று அவளுக்குப் புரியவில்லை.

பார்வைக் கூடத்தில் இரண்டு கம்பிவலைகள். ஒன்றுக்கு அந்தப்பக்கம் கைதிகள், இன்னொன்றுக்கு இந்தப்பக்கம் சொந்தக்காரர்கள். நடுவே ஒரு ஆள் நடக்கிற சந்து. எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். கத்தாவிட்டால் எதுவும் கேட்காது. அந்தச் சந்தில் பூனை மட்டும் சத்தமில்லாமல் போய்வருவான்.

தம்பி இளைத்திருந்தான். அக்காவைப் பார்த்ததும் வலையில் விரல்களைக் கோத்துக்கொண்டான்.

"மிட்டாய் கொடுத்தியாமே! உள்ள வரைக்கும் சேதி வந்துடுச்சு. நிஜமா அக்கா?"

நடுச்சந்தில் பூனை நின்றான். அக்கா தலையை ஆட்டினாள்.

தம்பி சிரித்தான். பிறகு முகத்தை முழங்கையில் புதைத்துக்கொண்டு அழுதான். இத்தனை நாளும் அவன் ராத்திரி தூங்கியிருக்க மாட்டான் என்பது அந்த அழுகையில் அவளுக்குத் தெரிந்தது. பெற்ற தாய் இறந்த அன்றுகூட அவன் இப்படி அழவில்லை. இந்தப் பிள்ளையையும் ஏமாற்றிவிட்டேனே என்று அவளுக்கு உறைத்தது. பூனையை ஏமாற்ற வேண்டும் என்று மட்டுமே யோசித்தவள், தம்பியும் நம்பிவிடுவான் என்பதை யோசிக்கவே இல்லை. பட்டனை மட்டும் பார்த்துவிட்டு சட்டையைப் பார்க்காத கதை.

அப்போதுதான் கண்டக்டர் வலைக்கு அருகே குனிந்தார். "தம்பி, நான் ரேடியோவோட அப்பா. அவனை எந்த ஜெயிலுக்கு மாத்துனாங்கன்னு உனக்குத் தெரியுமாப்பா?"

தம்பி நிமிர்ந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

வேண்டாம் என்று அக்கா கண்ணால் கெஞ்சினாள். தலையை இப்படியும் அப்படியும் அசைத்தாள். வாய்விட்டுச் சொல்ல வேண்டியது ஒரே வரிதான்: டேய், மனு தள்ளுபடி, வாயைத் திறக்காதே. பூனை கைநீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றான். சொன்னாலும் தம்பி போச்சு, சொல்லாவிட்டாலும் போச்சு.

"அழாதேக்கா. இனிமே என்ன பயம்? கோர்ட்டு கூப்பிடப் போகுதுல்ல" என்றான் தம்பி. பிறகு கண்டக்டரைப் பார்த்து, கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னான்: "மாத்தலை ஐயா. உங்க பையன் செத்துட்டான். பாடினதுக்கு அடிச்சாங்க. அடிச்சது இதோ நிக்கிறாரே, இவரு. நான் பார்த்தேன்."

பக்கத்தில் நின்றவர்கள் கத்துவதை நிறுத்தினார்கள். அவர்கள் நிறுத்தியதும் அவர்களுக்குப் பக்கத்தில் இருந்தவர்களும் நிறுத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தக் கூடத்தில் யாருமே கேட்டிராத அமைதி வந்தது. அந்த அமைதியில் பூனையின் வாயில் மிட்டாய் கடக்கென்று உடைந்தது.

"பார்வை முடிஞ்சது" என்றான் பூனை. அவன் குரல் உயரவே இல்லை.

மணி அடித்தார்கள். இரண்டு வார்டர்கள் தம்பியின் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள். அவன் இன்னும் அக்காவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் போனான். அவளால் தாங்க முடியாதது அந்தச் சிரிப்புதான்.

பார்க்க வந்த எல்லாரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார்கள். வெயில் முகத்தில் அறைந்தது. அக்கா மதிலைப் பிடித்துக்கொண்டாள். கண்டக்டர் அவளுக்கு எதிரே வந்து நின்றார். அழவில்லை. சட்டைப் பையிலிருந்து மிட்டாயை எடுத்தார். பிரிக்கவே இல்லை.

"இதை அவனுக்குன்னு எடுத்து வச்சேன்" என்றார். "உனக்கு முன்னாடியே தெரியுமாம்மா?"

"தெரியும் ஐயா." இனி மறைத்து என்ன? தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? "மிட்டாயும் பொய். மனுவைத் தள்ளிட்டாங்க. அவனைத் தொடாம இருப்பாங்கன்னு கொடுத்தேன். அவனே நம்பிட்டான். இப்ப உள்ள அவனை என்ன பண்றாங்களோ தெரியலையே!" என்று அந்த வெயிலில், அத்தனை பேர் முன்னால், வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டாள்.

"பொய் மிட்டாயா?" என்றாள் பால்காரி. வாயிலிருந்ததைத் துப்பினாள். "எங்களையும் சேர்த்து முட்டாளாக்கினியா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்களும் சேர்ந்து சிரிச்சிருக்க மாட்டோமா?"

அக்கா திட்டு வரும் என்று எதிர்பார்த்தாள். இந்தத் திட்டை எதிர்பார்க்கவில்லை.

சிலர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பத் தொடங்கியிருந்தார்கள். வம்பு எதற்கு, அடுத்த வாரம் நம் பிள்ளையைப் பார்க்க விடாவிட்டால் என்ன செய்வது? அவர்களைக் குறை சொல்ல முடியாது. அப்போது கண்டக்டரின் குரல் கேட்டது. வேலையில் இருந்த காலத்துக் குரல்.

"யாரும் இறங்காதீங்க."

வீட்டுச் சாவியை எடுத்து, பஸ் கம்பியைத் தட்டுகிற மாதிரி, இரும்புக் கதவில் ஒரே ஒரு தட்டு தட்டினார். வண்டியை நிறுத்த ஒரு தட்டு. பெரிய கதவுக்குள்ளேயே இருந்த குட்டிக் கதவான திட்டிவாசலின் சின்ன ஜன்னல் திறந்தது.

"என்னய்யா?"

"இப்ப இழுத்துட்டுப் போன பையனைக் கொண்டுவந்து காட்டுங்க. பார்த்துட்டுப் போறோம்."

"பார்வை முடிஞ்சது. கிளம்பு."

"என் பையனை நீங்க காட்டலை. நானும் இத்தனை வாரம் கேக்கத் தெரியாம பேப்பரைக் கேட்டுட்டு நின்னேன். இந்தப் பையனைக் காட்டுங்க."

ஜன்னல் மூடிக்கொண்டது. அவர் மறுபடி தட்டினார். பிறகு மறுபடியும். பால்காரி தன் பால் பாத்திரத்தை எடுத்துக் கதவில் மோதினாள். அவள் மோதினால் சும்மாவா, தெருக்கோடி வரை கேட்டது. கிளம்பியவர்களில் பாதிப் பேர் நின்றார்கள். "ஆளைக் காட்டு" என்று ஒருவர் சொன்னார். பிறகு பலர் சொன்னார்கள். வக்கீலம்மா பக்கம் பக்கமாக எழுதி, உயர்நீதிமன்றம் திரும்பிப் பார்க்க மறுத்ததும் இதே இரண்டு வார்த்தைதான். அக்காவும் சொன்னாள். சொல்லச் சொல்லப் பயம் கூடியதே தவிரக் குறையவில்லை. உள்ளிருந்து ஒரு சத்தமும் வராதபோது, கொண்டுவந்து காட்ட அங்கே ஆளே இல்லையோ என்று ஒரு நினைப்பு வந்தது. அதை நினைத்ததற்காகத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

நிழல் மதிலின் மறுபக்கம் சாய்ந்த பிறகு திட்டிவாசல் திறந்தது. இளவயது அதிகாரி ஒருவர், முகத்தில் எரிச்சலும் கலக்கமுமாக, இரண்டு வார்டர்களுக்கு நடுவே தம்பியைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஒரு காது வீங்கியிருந்தது. கீழுதடு கிழிந்திருந்தது. நின்றான், தன் காலில்தான் நின்றான்.

"பாத்தாச்சா? போங்க" என்றார் அதிகாரி.

தம்பியின் கண் அக்காவைத் தேடிப் பிடித்தது. "அக்கா, மனுவை எடுத்துக்கிட்டாங்கதானே?"

"இல்லடா. தள்ளிட்டாங்க."

அவன் முகம் வெளுத்தது. "அப்ப நான் சொன்னது?"

"நான் கேட்டுட்டேன் தம்பி" என்றார் கண்டக்டர். "நானும் கேட்டேன்" என்றாள் பால்காரி. பின்னாலிருந்து இன்னும் யாரோ, இன்னும் யாரோ. அதிகாரி அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கதவு மூடியது.

வெளிச்சம் மங்கத் தொடங்கியது. மறுநாள் பார்வை நாள் அல்ல. ஆனாலும் கண்டக்டர் செருப்பைக் கழற்றிக் கதவுக்கு நேர் எதிரே முதல் இடத்தில் வைத்தார். அக்கா தன்னுடையதை அதன் பின்னால் வைத்தாள். பால்காரி பாத்திரத்தை வைத்தாள். பைகளும் செருப்புகளும் மதில் ஓரமாக நீண்டன. யார் எப்போது வருவது, யார் அதுவரை நிற்பது என்று கண்டக்டர் முறை பிரித்துக்கொண்டிருந்தார். மிட்டாய் அவர் சட்டைப் பையில் அப்படியே இருந்தது.

வேலை முடிந்து பூனை வெளியே வந்தான். எல்லாரும் நிமிர்ந்தார்கள். அவன் யாரையும் பார்க்கவில்லை. செருப்புகளை மிதிக்காமல் ஒதுங்கி, மதில் ஓரமாகவே நடந்தான். அங்கேதான் காலையில் குழந்தைகள் போட்ட கண்ணாடித்தாள் எல்லாம் கிடந்தது. சரக், சரக், சரக். கான்வாஸ் ஷூவின் ஒவ்வொரு அடியும் வரிசைக் கடைசி வரைக்கும் கேட்டது. நடையை மெதுவாக்கினான், அப்போதும் கேட்டது.

அக்கா அந்தச் சத்தம் தெருமுனையில் ஓயும்வரை கேட்டாள். இன்று ராத்திரி அவன் உள்ளே இல்லை. காலையில் திரும்பி வருவான். அதற்கு முன்னால் வந்துவிட வேண்டும் என்று வெறுங்காலோடு வீட்டுக்கு நடந்தாள்.